எழுபதைத் தாண்டிய கை

கைமொழி வந்த பிறகு முதலில் பிடிபட்டவன் சிலுவை.

அன்று வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். கீழத்துறையின் துறைமுகச் சாலையில் ஒரு பழைய சரக்குக் கிடங்கைத் தடுத்துக் கட்டிய கூடத்தில் எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் போதை வழக்கில் தண்டனை பெற்று, சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடப்பட்டவர்கள். வாரம் இரண்டு நாள் இங்கே வந்து வரைய வேண்டும், மண் பிசைய வேண்டும், பேச வேண்டும் என்பது நீதிமன்றம் போட்ட நிபந்தனை. வகுப்பை நடத்துபவள் தமயந்தி. பதினாறு வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து, பிறகு ஓவியச் சிகிச்சை படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

வாசலில் இரண்டு காவலர்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நன்னடத்தை அலுவலர் பால்துரை, கையில் ஒற்றைத் தாளோடு.

"சிலுவை, எந்திரிப்பா. போகணும்."

"எங்க சார்?"

"காப்பில்லத்துக்கு, உள்ள அடைச்சு வைக்க. அறுபது நாளு. நேத்து நீ வரைஞ்சதுல எழுபத்தி நாலு வந்திருக்கு."

சிலுவைக்கு இருபத்து நான்கு வயது. மண் ஒட்டிய கையோடு எழுந்து தமயந்தியைப் பார்த்தான். "டீச்சர், நான் ஒண்ணும் எடுக்கல. வேணும்னா இப்பமே ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அஞ்சு மாசமாச்சு டீச்சர்."

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு எங்களுக்கும் தெரியும்லே," என்றார் பால்துரை. "நீ இன்னைக்கு எடுத்திருக்கியான்னு இது பாக்கல. முப்பது நாளைக்குள்ள எடுப்பியான்னுதான் பாக்குது."

கையைக் கழுவ விடவில்லை. ஜீப் போன பிறகு அவன் பிசைந்து வைத்திருந்த மண்ணை யாரும் தொடவில்லை. அது காய்ந்து வெடிக்கும்வரை அங்கேயே கிடந்தது.

கைமொழி என்ற அந்தக் கருவி வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் எல்லாம் காகிதத்தில்தான். வரைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கிழித்துப் போடலாம், டீச்சரிடம் கொடுத்து வைக்கலாம். அது அவரவர் விருப்பம். பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தின் பொறியாளர் வந்தாள். பெயர் ஹரிணி. முப்பது வயதுகூட இருக்காது. ஸ்லேட்டு போல இருந்த எட்டுப் பலகைகளையும், வயர் இல்லாத எட்டுப் பேனாக்களையும் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கினாள்.

"வியாழக்கிழமை மட்டும் இதுல வரையணும், மேடம். இருபது நிமிஷம். கட்டைவிரலை இங்க வச்சா யாருன்னு பதிஞ்சுக்கும். அப்புறம் அவங்க இஷ்டம், எதை வேணா வரையலாம்."

"படத்தைப் பாத்து அர்த்தம் சொல்லுமா?" என்று தமயந்தி கேட்டாள்.

"படத்தையே பாக்காது. கை எப்படிப் போகுதுன்னுதான் பாக்கும். எவ்வளவு அழுத்தறாங்க, எங்க நிக்கறாங்க, எத்தனை தடவை அதே கோட்டு மேல திரும்பிப் போறாங்க, இந்த மாதிரி. ஆறாயிரம் பேரோட கையைப் பழக்கியிருக்கோம். இந்த மாதிரி கை போனவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு முப்பது நாளைக்குள்ள திரும்ப எடுத்திருக்காங்க."

"ஏன் அப்படிக் கை போகுது?"

"அது எங்களுக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சுக்கத் தேவையும் இல்ல." ஹரிணி இதை எந்தத் திமிரும் இல்லாமல்தான் சொன்னாள். "நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போடும், எழுபதைத் தாண்டுச்சுன்னா நீதிமன்றத்துக்குத் தகவல் போயிடும். அவங்க விழறதுக்கு முன்னாடியே பிடிச்சுக் காப்பாத்திடலாம். எங்க சித்தப்பாவுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா அவர் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பார்."

தமயந்தி ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சண்டை போட்டாள். கூடத்துக்குள் கேமரா வைக்கக் கூடாது. அழுவதற்கு அவர்களுக்கு இந்த ஓர் இடம்தான் இருக்கிறது என்றாள். அதை ஒப்புக்கொண்டார்கள்.

சிலுவை போன இருபதாவது நாள், காப்பில்லத்தில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டான். மாத்திரை எடுத்திருந்தான். அவனுடைய அம்மா மையத்துக்கு வந்து கூடத்தின் நடுவில் நின்று அழுதாள். "எம்புள்ள நல்லாத்தான டீச்சர் இருந்தான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தமயந்தி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "மிஷினுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா. உள்ள இருந்ததால உயிரு தப்பிச்சான்னு நினைச்சுக்கோங்க," என்றாள். சொன்னபோது அதை மனதார நம்பினாள். தன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் பலகைக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அவமானமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு கூடம் மாறிப்போனது. வியாழக்கிழமைகளில் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் வீடும் தென்னைமரமும் வரைந்தார்கள். ஒருவன் வரைவதற்கு முன் கையை வெந்நீரில் முக்கி எடுத்தான். இன்னொருவன் மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்து இருமினான். என்ன செய்தாலும் எண்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. வெள்ளிதோறும் எண்கள் பால்துரைக்கும் தமயந்திக்கும் வரும். வரைந்தவர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி.

இன்னாசியின் எண்ணைத்தான் அவள் முதலில் தேடிப் பார்ப்பாள்.

இன்னாசிக்கு முப்பத்தொரு வயது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன். கம்பி அறுந்து முதுகில் அடித்ததில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் போகவில்லை. கடைசியில் வேறு ஆட்களுக்கும் சேர்த்து மாத்திரை வாங்கி வரும் நிலைக்கு வந்து, பேருந்து நிலையத்தில் பையோடு பிடிபட்டான். மூன்று வருடத் தண்டனையை நிறுத்திவைத்துக் கண்காணிப்பில் விட்டார்கள்.

முதல் நான்கு வாரம் அவன் காகிதம் முழுவதையும் கரியால் கறுப்பாக்கிவிட்டுப் போனான். தமயந்தி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது வாரம் கறுப்பின் ஒரு மூலையை ரப்பரால் அழித்தான். அழித்த இடத்தில் ஒரு கயிற்றுச் சுருள் தெரிந்தது. கப்பலைக் கட்டும் தடித்த கயிறு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அழித்தான். "எனக்கு மாத்திரை வேணும்னு தோணுறப்ப இந்தக் கயித்தைப் பிரி பிரியா வரையணும்னு நினைச்சுக்கிடுதேன் டீச்சர். நூறு பிரி வரைக்கும் எண்ணுறதுக்குள்ள அது போயிருது," என்று ஒருநாள் சொன்னான். அதற்குள் ஏழு மாதமாக ரத்தம் சுத்தமாக இருந்தது. மனைவி புஷ்பம் இரண்டு பெண்பிள்ளைகளோடு தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள்.

கைமொழி அவனுக்கு முதலில் கொடுத்தது நாற்பத்தொன்று. சிலுவை போன பிறகு ஐம்பத்தைந்து. அதற்கடுத்து அறுபத்து மூன்று. பிறகு அறுபத்தெட்டு.

அடுத்த வியாழக்கிழமை, மற்றவர்கள் வரைந்து முடித்து வெளியே டீ குடிக்கப் போயிருந்தார்கள். இன்னாசி மட்டும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலை வைத்துவிட்டான். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

"என்ன இன்னாசி?"

"கை நடுங்குது டீச்சர். மூணு நாளா தூக்கம் இல்ல. என்னைய கூட்டிட்டுப் போயிட்டாவன்னா புஷ்பம் மறுபடியும் போயிருவா." வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். "போன வாரம் எனக்கு எவ்வளவு டீச்சர்?"

தமயந்தி வாசலைப் பார்த்தாள். "அறுபத்தி எட்டு," என்றாள்.

சொன்னவுடனேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவன் அவசரமாகப் பேனாவை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பேனாவை எங்கிட்ட கொடுங்க," என்றாள். "நான் போடுறேன்."

"வேண்டாம் டீச்சர். நானே போடுதேன். கொஞ்ச நேரம் இருங்க."

"இந்த நடுக்கத்தோட போட்டா எழுபது தாண்டிரும். எனக்கு ஒண்ணும் இல்ல, என் கை நடுங்காது. கொடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவள்தான் அவன் விரல்களுக்கு இடையிலிருந்து பேனாவை எடுத்தாள். பலகையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவன் வரையும் அதே கயிற்றுச் சுருளை வரைந்தாள். கோடு சரியாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு பிரிக்கும் ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். யாரோ செருப்பை உதறும் சத்தம் கேட்டபோது பேனா ஓரிடத்தில் நின்றது. பிறகு போன கோட்டின் மேலேயே திரும்பிப் போய்த் திருத்தினாள். இருபது நிமிடம் முடிந்ததும் பலகை பச்சை விளக்கு காட்டி அணைந்தது. இன்னாசி அவ்வளவு நேரமும் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை எண் வந்தது. எண்பத்து நான்கு.

தமயந்தி அதை மூன்று தடவை படித்தாள். வாழ்நாளில் அவள் போதை என்று எதையும் தொட்டதில்லை. தலைவலித் தைலத்தோடு சரி. அன்று முதல் தடவையாக ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பலகைக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான். பயந்தவன் கை எப்படிப் போகும் என்பதைத்தான் அது ஆறாயிரம் பேரிடம் படித்திருக்கிறது.

அன்று பகலே இன்னாசியை அழைத்துப் போனார்கள். ஜீப்பில் ஏறும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் பால்துரையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், நீங்க இப்ப சொன்னது எங்காதுல விழல."

"விழணும் சார். அது என்னோட கை. அவனை விட்டுருங்க."

"நல்லா யோசிச்சுப் பேசுங்க. அவன் விரல வச்சிட்டு உங்களைய வரைய விட்டிருக்கான். சட்டத்துல அது ஏமாத்து. நன்னடத்தை ரத்தாயிரும். இப்ப அறுபது நாளு. நீங்க வாயத் திறந்தா மூணு வருசம் மத்திய சிறை. எது வேணும்?" குரலைத் தாழ்த்தினார். "நான் இருபத்தி ரெண்டு வருசமா இந்த வேலை பாக்கேன். அவன் மேல எனக்கும் பிரியம் உண்டு. அறுபது நாளு கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிரும்."

அவள் புஷ்பத்தைத் தேடிப் போனாள். புஷ்பம் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிச் சுவர் நிழலில், உரித்து உரித்து வெளுத்துப்போன விரல்களோடு வந்து நின்றாள். தமயந்தி நடந்ததைச் சொன்னாள். பால்துரை சொன்னதையும் சொன்னாள்.

புஷ்பம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே கீழே வைத்தாள். பிறகு, "அவுக கேட்டாவளா, நீங்க போட்டுக் குடுங்கன்னு?" என்றாள்.

"இல்ல. வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் பேனாவை வாங்கினேன்."

"ஏன் வாங்குனீங்க?"

தமயந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இப்பம் ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் புஷ்பம். "அறுபது நாளு நான் பொறுத்துக்கிடுவேன். மூணு வருசம்னா என்னால ஆகாது. பிள்ளையளுட்ட அப்பா கப்பலுக்குப் போயிருக்காவன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அதனால் தமயந்தி வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் ஆறு பலகைகளை எடுத்து அடுக்கினாள், ஆறு பேர் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளிக்கிழமைகளில் ஆறு பேரோடும் மண் பிசைந்தாள். ஒரு நாள் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து. பதினைந்து. இருபது. முப்பதாவது நாளை இன்னாசி தாண்டிவிட்டால் பலகை பொய் என்பது அவளுக்காவது நிரூபணமாகும் என்று நினைத்தாள்.

இருபத்தாறாவது நாள் காலையில் தொலைபேசி அடித்தது. ஹரிணி.

"மேடம், உங்களுக்கு வாழ்த்து சொல்லலாம்னு கூப்பிட்டேன். காப்பில்லத்துல இருந்து இப்பதான் ரத்த ரிசல்ட் வந்துச்சு. உங்க இன்னாசி பாசிட்டிவ். நம்ம கணிப்பு அப்படியே பலிச்சிருக்கு. உங்க மையத்துல ரெண்டுக்கு ரெண்டு."

"எப்படி? உள்ள எப்படிக் கிடைச்சுது?"

"அதெல்லாம் உள்ள எப்பவும் கிடைக்கும் மேடம். நாப்பது பேரை ஒரே ரூம்ல வச்சிருக்காங்க. அரிசி வண்டியில வருதுன்னு சொல்றாங்க."

"அவருக்கு முதுகுல அடிபட்டிருக்கு. சிமெண்ட் தரையில படுக்க வச்சா வலி தாங்காது. வலி வந்தா மாத்திரை தேடத்தான் செய்வார். நீங்க உள்ள போட்டதாலதான எடுத்தார்?"

"எங்க எடுத்தாலும் எடுத்ததுதானே மேடம். முப்பது நாளைக்குள்ள எடுப்பார்னு சொல்லுச்சு, எடுத்துட்டார்." ஹரிணியின் குரலில் உற்சாகம் குறையவில்லை. "இன்னொண்ணு. அவரோட கடைசிப் படம் ரொம்பத் தெளிவான மாதிரின்னு எங்க டீம் சொல்லிட்டாங்க. கை நிக்கற இடம், திரும்பிப் போற இடம் எல்லாம் அவ்வளவு சுத்தமா பதிஞ்சிருக்கு. அதைப் பயிற்சியில சேர்த்துட்டோம். இனிமே மாநிலத்துல எங்க அந்த மாதிரி கை வந்தாலும் உடனே கண்டுபிடிச்சிடும்."

"ஹரிணி, அது அவர் கை இல்ல. என் கை."

தமயந்தி நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

"மேடம்," என்றாள் ஹரிணி கடைசியில், மிகவும் மெதுவாக, "அவர் எடுத்தது உண்மைதானே?"

அந்தக் கேள்வியில் சிலுவையின் அம்மாவும், தான் அவளுக்குச் சொன்ன ஆறுதலும் ஞாபகத்துக்கு வந்தன. அன்று மதியமே தமயந்தி நீதிமன்ற நடுவருக்குக் கடிதம் எழுதினாள். தான் செய்ததை முதல் பத்தியில் எழுதினாள். சிலுவையும் இன்னாசியும் உள்ளே போவதற்கு முன்பு மாத்திரை எடுக்கவில்லை, உள்ளே போனதால்தான் எடுத்தார்கள் என்று இரண்டாவது பத்தியில் எழுதினாள். பலகைகளை நிறுத்தும்படி மூன்றாவது பத்தியில் கேட்டாள்.

விசாரணை ஒரே காலைப் பொழுதில் முடிந்தது. நடுவர் பொறுமையாகத்தான் கேட்டார். வேறு கை வரைந்த படம் செல்லாது என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் ரத்தம் அவருடையது," என்றார். பால்துரை பயமுறுத்திய மூன்று வருடம் விழவில்லை. காப்பில்ல நாட்கள் அறுபதிலிருந்து நூற்றெண்பது ஆயின. தமயந்தி அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். பலகைகளைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. அவள் படத்தைப் பயிற்சியிலிருந்து எடுத்தார்களா என்று ஹரிணிக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டாள். இரண்டாவது முறை பதில் வந்தது. ஆறாயிரத்தில் ஒன்றை எடுப்பதால் எதுவும் மாறாது என்று இருந்தது. எடுத்தார்களா இல்லையா என்று இல்லை.

அந்த மாதத்திலேயே பக்கத்து மாவட்டங்களில் எழுபதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. பால்துரைதான் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். "ஏன்னு யாருக்கும் தெரியல டீச்சர்," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பில்லத்தில் பார்வையாளரை அனுமதிப்பார்கள். தமயந்தி போனாள். முதல் ஞாயிறு இன்னாசி வெளியே வரவில்லை. இரண்டாம் ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, புஷ்பம் பார்த்துவிட்டுப் போன பிறகு, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இளைத்திருந்தான். முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"நீங்க எல்லாத்தையும் கோர்ட்டுல சொல்லிட்டீங்கன்னு புஷ்பம் சொன்னா," என்றான்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும் இன்னாசி. மன்னிச்சிருங்க."

அவன் வலையின் ஒரு கண்ணியில் விரலை நுழைத்து எடுத்தான்.

"எண்பத்தி நாலுன்னு ஜீப்புல வச்சுத்தான் சொன்னாவ. நீங்க வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியும்லா? பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தேன். ஆனா இங்க வந்து ரெண்டு வாரத்துல நம்பிட்டேன் டீச்சர். எல்லாவனும் எம்பேருக்கு முன்னாடி அந்த நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுதானுவ. சோத்துத் தட்டுல எழுதியிருக்கு, கட்டில்ல எழுதியிருக்கு. மிஷினுக்குத் தெரியாததா, நமக்குள்ள எங்கயோ அது இருக்கத்தான் செய்யும்னு தோணிட்டு. அந்த நெனப்போடதான் மாத்திரைய வாயில போட்டேன். வலியால மட்டும் போடல."

தமயந்தி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே காவலர் நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். மற்ற ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

இன்னாசி போகவில்லை. அவள் கண்ணை நேராகப் பார்த்தான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடுதான் கேட்டான்.

"அன்னைக்கு நானே வரைஞ்சிருந்தா எவ்வளவு வந்திருக்கும் டீச்சர்?"